காப்புப் பருவமும் காய்ச்சல் ஊசியும்

தமிழில் தொண்ணூற்றாறு வகைச் சிற்றிலக்கியங்கள் உண்டு என்பர். அவற்றுள் குழந்தையைப் பாடுபொருளாகக் கொண்டு எழுந்தது பிள்ளைத்தமிழ். இறைவனையோ அரசரையோ சான்றோரையோ பிள்ளையாகப் பாவித்துப் பத்துப் பருவங்கள் அமைத்துப் பாடுவது அதன் மரபு. நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசச் செல்வர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய இசுலாமியப் புலவர்களும் உளர். எப்பிள்ளைத்தமிழை எடுத்து விரித்தாலும் முதற்கண் நிற்பது காப்புப் பருவமே. தாலாட்டும் முத்தமும் அதன் பின்னரே வரும். முத்தப் பருவத்தைப் பதினோராம் திங்களுக்கு உரியதாக வைத்தல் மரபு. பிள்ளைக்குக் காவல் வேண்டிய பின்னரே அதனை எடுத்துக் கொஞ்சும் உரிமையைக் கேட்டனர் நம் புலவர் என்று சொல்லத் தோன்றுகிறது. இஃது எம் கற்பனை எனின் அவ்வாறே ஆகுக. ஆயினும் மருத்துவ நூலார் இன்று கூறும் கணக்கும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஆறு திங்கள் நிறையாத குழந்தைக்கு இன்ஃபுளுயன்சா எனப்படும் காய்ச்சலுக்குரிய தடுப்பூசியைப் போடுவதில்லை. ஆறு திங்கள் கடந்தபின், முதன்முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடுவர். அதுவரை அப்பிள்ளைக்குக் காப்பு யாது? தாயும், தாயைச் சூழ்ந்து நிற்கும் வீட்டாருமே காப்பு. ஆதலின், பிள்ளைக்கு என்ன ஊசி போடலாம் என்று பிறந்தபின் கேட்பதினும், பிள்ளை வருமுன் நாம் என்ன ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கேட்பதே முறை என்பது எம் கருத்து. இக்கேள்வி நம் இல்லங்களில் எழுவது அரிது. வளையல் எத்தனை டசன், தொட்டில் யார் வாங்குவது, பிரசவம் எந்த மருத்துவமனையில், பெயர் வைப்பவர் யார் ஆகிய யாவும் ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவாகிவிடுகின்றன. ஊசியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை.

தமிழ்த்துறை மலரில் ஊசியைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். நம் வகுப்பறைகளை நோக்கின் விடை கிடைக்கும். முதுகலை பயிலும் மாணவியருள் சிலர் படிப்பு முடியுமுன்பே மணமுடித்துத் தாய்மை அடைகின்றனர். நிறைமாத வயிற்றோடு தேர்வுக் கூடத்தில் அமர்ந்து எழுதுவோரை நாம் காணாத ஆண்டு இல்லை. அன்றியும், இச்சிக்கலில் பாதி மருத்துவத்தைச் சார்ந்தது; மறுபாதி சொல்லைச் சார்ந்தது. மூக்கொழுகினாலும் 'ஃபுளூ' என்கிறோம். மூன்று நாள் எழ முடியாமல் படுத்தாலும் 'ஃபுளூ' என்கிறோம். முன்னோர் இதனை விஷக்காய்ச்சல் என்றனர். செய்தித்தாள்களோ பெயர் விளங்காத எதனையும் மர்மக் காய்ச்சல் என்று எழுதி மர்மத்தை வளர்த்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் அழைப்பதால், ஊசி போட்டுக்கொண்டவருக்கு மறுமாதம் சாதாரணச் சளி பிடித்தால், "பார்த்தீர்களா, ஊசி போட்டும் வந்துவிட்டதே!" என்ற தீர்ப்பு எளிதாக வந்துவிடுகிறது. சளிக்குப் பல்வகை நச்சுயிரிகள் காரணம். இவ்வூசி தடுப்பது அவற்றுள் ஒன்றாகிய இன்ஃபுளுயன்சாவை மட்டுமே.

அந்த ஒன்றின் வரலாறு சிறிதன்று. 1918ஆம் ஆண்டு சூன் திங்களில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே இந்நாட்டில் நுழைந்த அக்காய்ச்சல், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவ்வாண்டில் கருவுற்ற மகளிர் பிறரினும் மிகுதியாக இறந்தனர் என்பதை அக்காலத்து மருத்துவர்களே குறித்துள்ளனர். 2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரோடு உலகைச் சுற்றியபோதும் கருவுற்றோரே மிகுந்த இடருக்கு உள்ளாயினர். காரணம் விளங்காததன்று. கருவைச் சுமக்கும் உடலில் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் வேலை கூடுகிறது. வயிறு மேலெழுந்து மூச்சுக்குரிய இடத்தைச் சுருக்குகிறது. கருவை ஏற்றுக்கொள்வதற்காக உடலின் எதிர்ப்பாற்றலும் தன்னைச் சற்று மாற்றிக்கொள்கிறது. அந்நிலையில் வரும் கடுங்காய்ச்சல் தாயோடு நில்லாமல் குறைமாதப் பிறப்புக்கும் வழிவகுக்கலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 2012இல் இவ்வூசிக்கு உரியோரை வரிசைப்படுத்தியபோது கருவுற்ற மகளிரை முதலிடத்தில் வைத்ததற்கு இவையே காரணம்.

"வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஊசியா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவதுண்டு. அப்பதற்றத்தை நாம் எள்ளவில்லை. அது பிள்ளையின் மீதுள்ள அன்பிலிருந்து பிறப்பது. ஆனால் அவ்வாறு பதறும் பெரியவரே தம் பிள்ளைப்பேற்றின்போது கையை நீட்டி ரணசன்னி ஊசி போட்டுக்கொண்டவர் என்பதை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அந்த ஊசி எதற்காக? தொப்புள்கொடி அறுத்த புண்வழியே பச்சிளங்குழவிக்கு ரணசன்னி வாராதிருப்பதற்காக. தாயின் கையில் போட்டது சேயைக் காத்தது. கிராமச் செவிலியர் வீடுவீடாகச் சென்று போட்ட அந்த ஊசியும், தூய்மையான பிள்ளைப்பேறும் சேர்ந்து, பச்சிளங்குழந்தைகளைக் கொன்றுவந்த அந்நோயை இந்தியாவிலிருந்து ஏறத்தாழ அகற்றிவிட்டன; 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை உறுதி செய்தது. தாயின் குருதியில் உண்டான எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சேய்க்குச் செல்லும் என்னும் அதே வழியில்தான் காய்ச்சல் ஊசியும் வேலை செய்கிறது. நாம் புதிதாக ஒன்றை நம்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே நம்பியதை இன்னும் ஒரு நோய்க்கு நீட்டினால் போதும்.

நம்பிக்கை மட்டும் போதுமா, சான்று வேண்டாவா எனின், உண்டு. அதுவும் நம்மைப் போன்ற மண்ணிலிருந்தே உண்டு. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் 340 கருவுற்ற மகளிரைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்தது. அதன் முடிவு 2008இல் வெளிவந்தது. அவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குக் காய்ச்சல் ஊசியும் மறு பகுதியினர்க்கு வேறோர் ஊசியும் போட்டனர். பிறந்த குழந்தைகளை ஆறு திங்கள் வரை கண்காணித்தனர். காய்ச்சல் ஊசி போடாத தாயரின் பிள்ளைகளுள் 16 பேர்க்கும், போட்ட தாயரின் பிள்ளைகளுள் 6 பேர்க்கும் இன்ஃபுளுயன்சா என்று ஆய்வகத்தில் உறுதியாயிற்று. பின்னர்த் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாயரிடையே நடந்து 2014இல் வெளியான ஆய்வில், தாய்க்கும் சேய்க்கும் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பாதிதானே என்று கேட்போர்க்கு நாம் ஒளிக்க ஒன்றுமில்லை. இவ்வூசி இரும்புக் கோட்டையன்று. நச்சுயிரி ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. சில ஆண்டுகளில் இரண்டும் நன்கு பொருந்தும், சில ஆண்டுகளில் பொருத்தம் குறையும். தாய் அளித்த காப்பும் பிள்ளை பிறந்த முதல் இரு மாதங்களில் வலுவாக நின்று, பின்னர்த் தேய்ந்துவிடுகிறது. ஆனால் அந்த முதல் இரு மாதங்களின் அருமையை எண்ண வேண்டும். பெரியவர்க்கு மூன்று நாள் படுக்கை எனக் கழிவது, இருபது நாள் குழவிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு என முடியலாம். அக்குழவி தனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லாது. பெரும்பாலும் இருமவும் செய்யாது. பால் குடிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவே. பாதிக் காப்பும் அவ்வயதில் பெரும் காப்பு.

எந்த ஊசி, எப்போது என்பதில் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். கருவுற்றோர்க்குரியது உயிரற்ற நச்சுயிரியைக் கொண்டு செய்த ஊசி மருந்து. மூக்கில் தெளிக்கும் மருந்தும் ஒன்று உண்டு. அது வலு குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரியைக் கொண்டது. கருவுற்றோர்க்கு அது கூடாது. நம் சமுதாயத்தார் சிலர், இதில் விலக்கப்பட்ட பொருள் கலந்துள்ளதா எனத் தயங்குகின்றனர். ஐரோப்பிய நாடுகளில் வழங்கும் மூக்குத் தெளிப்பு மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்வது உண்மை. அந்தச் செய்தியே கைமாறிக் கைமாறி எல்லா ஊசிக்கும் உரியதாகிவிட்டது. கருவுற்றோர்க்குப் போடும் ஊசி மருந்தில் பொதுவாக அப்பொருள் இல்லை. ஐயமுடையோர் மருந்துப் பெட்டியிலுள்ள தாளைப் படித்துக் காட்டுமாறு மருத்துவரைக் கேட்கலாம். ஹஜ் பயணம் புறப்படும் முதியோர்க்கு மூளைக்காய்ச்சல் ஊசியோடு இவ்வூசியையும் போடுவதை நம் இல்லத்தார் அறிவர். புனிதப் பயணத்திற்கு முன் தயங்காமல் நீட்டிய கையைப் பேரப்பிள்ளைக்காக நீட்டத் தயங்குவானேன்?

காலத்தைப் பொறுத்தவரை, கருவின் எத்திங்களிலும் போடலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலை. நம் நாட்டு மகப்பேற்று மருத்துவர் பலர் ஆறாம் திங்களுக்குப் பின் போடுவதையே வழக்கமாகக் கொண்டுள்ளனர். போட்டபின் எதிர்ப்பாற்றல் உண்டாக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். அது சேய்க்குச் சென்று சேரவும் நாள் வேண்டும். ஆதலின் வலி எடுக்கும் வாரம்வரை தள்ளிப்போடுவதில் பயன் குறைவு. ஊரையும் பருவத்தையும் நோக்குதலும் தேவை. வடநாட்டில் பல நகரங்களில் இக்காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையில் மிகும். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் ஐப்பசி அடைமழையில் மிகும். கார்த்திகையில் பிள்ளையை எதிர்பார்க்கும் குடும்பம் ஆவணியிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுதல் நன்று. சிற்றூர்களில் மருந்துக்கடையில் வாங்கி மருத்துவரிடம் எடுத்துச் செல்லும் வழக்கம் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறோம்: இம்மருந்தை 2 முதல் 8 செல்சியசு வரையிலான குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடலாகாது. வெயிலில் பேருந்தேறிப் பையில் வைத்துக்கொண்டு செல்வது பணத்தை வீணாக்குவதாகும். குளிர்ப்பெட்டி வசதியுள்ள மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளுதல் சாலச் சிறந்தது. அது அவ்வாண்டுக்கென வந்த மருந்துதானா என்றும் கேட்டுத் தெளிக.

இனி, முடிவு யாருடையது என்னும் வினா. இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். கணவர் வளைகுடாவில் இருப்பார். தொலைபேசியில், "உம்மாவைக் கேட்டுச் செய்" என்பார். மாமியார், "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்பார். தாய்வீட்டில், "அவர்கள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ" என்பர். பக்கத்து வீட்டார், கொரோனா ஊசியால் கரு தங்காது என்று தாம் கேட்ட கதையை எடுத்துவிடுவர். கொரோனா ஊசி வந்த புதிதில் கருவுற்றோர்க்கு அது வழங்கப்படவில்லை. 2021 சூலையில்தான் நம் அரசு அதற்கு இசைவளித்தது. இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில் முளைத்த வதந்திகள், இசைவு வந்த பின்னும் காய்ந்துபோகவில்லை. இத்தனை குரல்களுக்கு நடுவே, சுமப்பவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்பார் இல்லை. மருத்துவமனையிலோ ஒரு மணிநேரக் காத்திருப்புக்குப் பின் இரண்டு நிமிடம் கிடைக்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொல்லப்படுகிறது; அவள் தலையை ஆட்டிவிட்டு வருகிறாள். முதுகலைத் தமிழ் படித்தவளும் அவ்வாறே தலையாட்டுகிறாள் என்பதுதான் எம் மனத்தை உறுத்துவது. கற்ற மொழி கேள்வி கேட்கப் பயன்படாவிடின் அக்கல்வியால் என்ன பயன்? "எனக்கு இது எதற்கு? பக்கவிளைவு யாது? போடாவிட்டால் என்ன ஆகும்?" என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் துணிவு வேண்டும். கை வலி, ஓரிரு நாள் உடல்நோவு, சிறு காய்ச்சல் ஆகியவை வரக்கூடும் என்பது பொதுவான விடை. முன்பு இவ்வூசி போட்டுக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர் அதனைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்டுத் தெளிந்தபின் அவள் வேண்டாமென்றால் அதுவும் அவள் முடிவே. கேளாமலே மறுப்பதையும், கேட்கவிடாமல் தடுப்பதையுமே நாம் குறை கூறுகிறோம்.

பணம் இன்னொரு தடை. ரணசன்னி ஊசி அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பது போல் இது கிடைப்பதில்லை; தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இதற்கு இன்னும் இடமில்லை. தனியார் மருத்துவமனையில் ஒருவர்க்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆவது வழக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டில் அனைவர்க்கும் என்றால் அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் என்ன செய்யும்? மகாராட்டிரம் 2015இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது கருவுற்றோர்க்கு இலவசமாக வழங்க முற்பட்டது. மகப்பேற்று உதவியாக 18,000 ரூபாய் மதிப்புள்ள பணமும் பொருளும் வழங்கும் நம் மாநிலத்திற்கு, கருவுற்றோர்க்கு ஓர் ஊசியைச் சேர்த்து வழங்குவது ஆகாத செயலன்று. அவ்வாறு வழங்கும் நாள்வரை, கையிலுள்ள பணம் ஒருவர்க்கே போதும் எனின் அது தாய்க்கே உரியது. தாய்க்குப் போட்டால் காப்பு இருவர்க்கு. பிறர்க்குப் போட்டால் அப்பிறர் வழியே நோய் வாராது என்னும் அளவே. இரண்டாவது ஒருவர்க்கு முடியுமெனின், பிள்ளையை மடியில் வைத்துக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் பாட்டிக்கு. அவர் முதுமையாலும், பலர்க்குள்ள நீரிழிவாலும், அவர்க்கே அது தேவையானது. அடுத்து, பள்ளியிலிருந்து எல்லாக் காய்ச்சலையும் வீட்டுக்குக் கொண்டுவரும் மூத்த பிள்ளைக்கு. கருவுற்ற காலத்தில் போடாது விட்டவள் பெற்றபின் போட்டுக்கொள்ளலாம். பாலூட்டுவதற்கு அதனால் தடையில்லை. எனினும் நஞ்சுக்கொடி வழியே செல்லும் செல்வம் அப்போது போயிருக்கும்.

ஊசியின்றியும் செய்யத்தக்கவை உண்டு. நாற்பது நாள் தாயையும் சேயையும் தனியே வைக்கும் பழைய வழக்கத்தில் ஒரு நன்மை இருந்தது, கூட்டம் குறைந்தது. இன்றோ நாற்பது நாள் என்பது பெயரளவில் நிற்கிறது. ஏழாம் நாள் அகீகா விருந்துக்கு வந்தவர் அனைவரும் அறைக்குள் புகுந்து, கையில் வாங்கி, கன்னத்தில் முத்தமிட்டே செல்கின்றனர். ஊர் திரும்பிய ஹாஜியார் இருமலோடு வந்து பிள்ளையின் முகத்தருகே குனிந்து ஓதி ஊதுவதையும் கண்டிருக்கிறோம். துஆவை இரண்டடி தள்ளி நின்றும் கேட்கலாம்; இறைவன் செவியுறுவான். அறைக்கதவைச் சாத்திச் சாம்பிராணிப் புகையை நிறைப்பது நோயை விரட்டாது. பிஞ்சு நுரையீரலைத்தான் வருத்தும். தாய்க்கே காய்ச்சல் வந்துவிட்டால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிப் பாலூட்டலாம். ஆனால் கருவுற்றவளோ பிள்ளை பெற்றவளோ காய்ச்சலோடு கசாயம் குடித்து மூன்று நாள் காத்திருத்தல் ஆகாது. இந்நோய்க்கான மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். மூன்று திங்களுக்கு உட்பட்ட குழவியின் உடல் வெப்பம் 100.4 பாரன்ஃகீட்டைத் தொட்டாலோ, இரு திங்களுக்கு உட்பட்ட குழவி நிமிடத்திற்கு அறுபது முறைக்குமேல் மூச்சிரைத்தாலோ, பாலை மறுத்தாலோ, அது எந்நேரமாயினும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. விடியட்டும் என்று இருத்தல் வேண்டா.

சபராளிகளுக்கு ஒரு சொல். மகவின் முகம் காண ஒரு மாத விடுப்பில் ஓடிவரும் தந்தையர் இரண்டு விமான நிலையங்களின் நெரிசலைக் கடந்தே வருகின்றனர். வந்திறங்கியவுடன் உடைமாற்றவும் பொறுமையின்றிப் பிள்ளையை வாங்கி மார்போடு அணைப்பர். அவ்வணைப்பை யார் மறுக்க முடியும்? பயணச்சீட்டு உறுதியானவுடன், புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, தாம் பணிபுரியும் நாட்டிலேயே அவர்கள் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாம். பொம்மைக்கும் தங்கச் சங்கிலிக்கும் முன்னதாக வாங்க வேண்டிய பொருள் அது.